பழைய பிரீமியர் பத்மினி காரில் ஸ்பீடோமீட்டர் வேலை செய்யவில்லை, மீட்டரை மாற்றலாமா?

உங்கள் பத்மினியில் முள் கொஞ்ச நாள் ஆடி, இப்போது கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து நின்றுவிட்டது, மெக்கானிக் மீட்டரை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு பெரும்பாலும் மீட்டருக்குக் கீழே, கியர்பாக்ஸிலிருந்து வந்து அதைச் சுற்றவைக்கும் கேபிள் பக்கம் இருக்கும். எண் ஓடி முள் மட்டும் படுத்திருந்தால்தான் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் எண்ணைப் பற்சக்கரம் நேரடியாகத் தள்ளுகிறது, முள்ளோடு சேர்ந்த அலுமினியக் கிண்ணத்தை ஒரு காந்தம் சுழன்று தொடாமலே இழுக்கிறது.

நானும் தருமபுரியில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு வேறு மீட்டர் வாங்கி மாட்டினேன். நான்கு ரோடு தாண்டியும் முள் அசையவில்லை. அப்புறம் அப்பாவின் நண்பர், லாரி ஓட்டியவர், "மீட்டரை விடு தம்பி, கேபிள் சுத்துதா பாரு" என்றார்.

மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றுங்கள். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு நியூட்ரலில் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இன்னொருவர் கேபிள் முனையைப் பார்க்கட்டும். கியர்பாக்ஸின் பின் தண்டிலிருந்துதான் ஓட்டம் வருகிறது, எஞ்சினே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

முனை சுற்றவில்லையா, கேபிள் உறைக்குள் சுற்றும் உள்கம்பியை உருவிப் பாருங்கள். எங்களுடையது கீழ் முனையிலிருந்து நான்கு விரல் மேலே அறுந்து, இழைகள் பிரிந்து தேய்ந்த துடைப்பம் போல இருந்தது. கம்பி முழுசாக இருந்தால் கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனின் பல் மழுங்கியிருக்கலாம். முள் ஆடுவது பெரும்பாலும் காய்ந்த அல்லது மடிந்த கம்பியால்தான், சமதரையில் உருட்டினால் மடிந்த கம்பி துள்ளும்.

புதுக் கம்பிக்குக் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள், மேலே ஒரு சாண் அளவு காய்ந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும். கியர் ஆயிலே கேபிள் வழியாக ஏறுகிறது என்றால் முதலில் கீழே ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்ற வேண்டும். கேபிளை எங்கும் சட்டென்று வளைக்காதீர்கள், எங்களுடையது அறுந்ததே அதனால்தான்.

எல்லாம் முடிந்ததும் காரிமங்கலம் பக்கம் சமமான சாலையில் முள்ளை 60இல் நிறுத்தி, அடுத்தடுத்த இரு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே நேரம் எடுங்கள், கடிகாரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். சரியாக 60 வினாடி வர வேண்டும். எனக்கு 64 வந்தது, அதாவது உண்மையான வேகம் 56தான். டயர் அளவு மாறியிருந்தாலும் இப்படி வரும். தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.