கோல்ஃப் ஸ்லைஸ் சந்தேகங்கள்: ஒரு பழைய கேடியின் பதில்கள்

பத்து வருடம் கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் கிளப் பையைச் சுமப்பவனாக இருந்தேன். இருபது வருடமாக ரேஞ்சில், பயிற்சித் திடலில், சொல்லிக் கொடுக்கிறேன். அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறதே, அந்த ஸ்லைஸைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள். குழிக்குள் பந்தை உருட்டும் பட்டிங் இன்னொரு நாள்.

அண்ணா, டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் நீளக் கிளப்) எடுத்தால் மட்டும் பந்து இடப்பக்கம் கிளம்பி, பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகிறது. 7 அயர்ன் (அதைவிடக் குட்டையான இரும்புக் கிளப்) ஒழுங்காகத்தான் போகிறது. ஏன்?

எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பார்த்து வைத்திருக்கிறீர்களே, பாதி வேலை முடிந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேர் எங்கே விழுந்தது என்று மட்டும்தான் சொல்வார்கள்.

கிளப்பின் ஃபேஸ், அதாவது பந்தில் படும் முகம், எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும். வளைவு வருவது ஃபேஸுக்கும் ஸ்விங் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். உங்கள் ஃபேஸ் இலக்குக்கு 2 டிகிரி இடப்பக்கம் பார்க்கிறது, பாதை 6 டிகிரி இடப்பக்கம் போகிறது என்று வையுங்கள். இலக்கை வைத்துப் பார்த்தால் ஃபேஸ் மூடியிருக்கிறது, அதாவது இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பாதையை வைத்துப் பார்த்தால் 4 டிகிரி திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதனால்தான் இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் திரும்புகிறது.

அயர்னில் தெரியாதது டிரைவரில் ஏன் தெரிகிறது? அயர்னின் ஃபேஸ் சாய்வு அதிகம். பந்து பின்னோக்கி நன்றாகச் சுழலும், பக்கவாட்டுச் சாய்வு அதில் அமுங்கிவிடும். டிரைவருக்கு அந்தத் தயவு கிடையாது. போதாததற்கு, டிரைவருக்குப் பந்தை முன்காலுக்கு நேரே வைக்கிறோம். அதை எட்டிப் பிடிக்கத் தோள் தானாக இடப்பக்கம் திறந்துகொள்ளும்.

முதலில் கிரிப்பைப் பாருங்கள். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டியாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையை வலப்பக்கம் உருட்டிப் பிடியுங்கள். இரண்டு நாள் அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது தோள். பந்து முன்னால் இருந்தாலும் தோள் இலக்குக்கோட்டுக்கு இணையாக நிற்கட்டும். கடைசியாக, டிரைவரின் நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி, பந்துக்குச் சற்றுப் பின்னால், கிளப் உறையை வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் உறை பறக்கும். அது பறக்காத நாள் வரும்வரை பாதி வேகத்தில் அடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் குறி வைக்காதீர்கள். தோள் இன்னும் திறக்கும், பாதை இன்னும் வெட்டும், வளைவு இன்னும் கூடும்.

நான் கிரிக்கெட் ஆடியவன் சார். ஃபேஸ் மூடவே மாட்டேன் என்கிறது.

பேட்டைத் திறந்து பாயின்ட் பக்கம் தள்ளிப் பழகிய கை. மிட்விக்கெட்டில் ஃபிளிக் செய்யும்போது மணிக்கட்டு எப்படி உருளுமோ, அதை நினைத்துக்கொண்டு ஐம்பது பந்து அடியுங்கள். கிரிக்கெட் ஆடியவர்கள் இதை என் மற்ற மாணவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் இடது கைக்காரன்.

எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிப் படியுங்கள். 2012 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபில், இடது கைக்காரர் பப்பா வாட்சன் மரங்களுக்குள்ளிருந்து வலப்பக்கம் வளைத்து எடுத்தாரே, அவருக்கு அது ஹூக், ஸ்லைஸுக்கு நேர் எதிர் வளைவு.

நீங்கள் சொல்வது தவறு. ஸ்விங் போகும் திசையில் பந்து கிளம்பும், ஃபேஸ் பார்க்கும் இடத்தில் போய் விழும். முப்பது வருடமாக இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

நானும் அப்படித்தான் சொல்லித் தந்தேன், ஐயா. பந்து போகும் விதத்தை அளக்கும் ரேடார் வந்து காட்டிய பிறகுதான் விட்டேன். டிரைவரில் கிளம்பும் திசையில் ஏறத்தாழ 85 சதவீதம் ஃபேஸின் கையில். அயர்னில் சுமார் 75. ரேடாரை நம்ப வேண்டாம், ஒரு மரத்தை நம்புங்கள். மரத்துக்குப் பின்னால் நின்று, ஃபேஸைக் கொடிக்கு நேராக வைத்து, மரத்தைச் சுற்றி வலப்பக்கம் ஸ்விங் செய்யுங்கள். உங்கள் விதிப்படி பந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். என் கணக்குப்படி மரத்தில் அடிக்கும்.

புது டிரைவர் வாங்கினால் சரியாகுமா?

இல்லை.

சென்னையில் பயங்கர ஸ்லைஸ். கொடைக்கானல் போனால் அதே ஸ்விங், பந்து நேராகப் போகிறது. மலையில் நன்றாக ஆடுகிறேனா?

ஆசைதான்! பந்தை வளைப்பது காற்று. சுழலும் பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளும், காற்று அதை மறுபக்கம் தள்ளும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் உயரம். சென்னையை ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தள்ள ஆளில்லை, அதனால் வளைவும் குறைகிறது. இறங்கி வந்ததும் ஸ்லைஸும் கூடவே வந்துவிடும். அதே காரணத்தால் மலையில் பந்து கூடுதல் தூரமும் போகும், வழக்கத்தைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் கிளப்பை எடுங்கள்.

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் ஸ்லைஸ்.

பெரியவர் கிளப்பை வெட்டிக் கொடுத்திருக்கிறீர்களா? கனம் தாங்காமல்தான் ஃபேஸ் திறக்கும். குழந்தைகளுக்கான கிளப் வாங்கிக் கொடுங்கள், பிறகு வாயைத் திறக்காதீர்கள்.

டிரைவர் எடுத்தால் முழங்கை வலிக்கிறது, ஸ்லைஸும் வருகிறது.

முதலில் டாக்டர். ஸ்லைஸ் எங்கும் ஓடிப்போகாது.

ஐயா, மீண்டும் நான்தான். மரத்தில்தான் அடித்தது. ஆனால் ரேஞ்சில் ஃபேஸும் பாதையும் நேராக இருப்பதாக மெஷின் காட்டுகிறது, பந்து மட்டும் வளைகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மரத்தில் அடித்ததை ஒப்புக்கொண்டீர்களே, அதுவே பெரிய மனசு. இந்தக் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி. டிரைவர் ஃபேஸில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி அடித்துப் பாருங்கள். பந்தின் தடம் நடுவில் இருக்காது, கிளப்பின் தண்டு சேரும் பக்கம் இருக்கும். நடுவை விட்டு அங்கே பட்டால் கிளப் தலை ஒரு பக்கம் திரும்பும், பந்து பல்சக்கரம்போல எதிர்ப்பக்கம் சுழலும், வலப்பக்க வளைவு. நுனியில் பட்டால் இடப்பக்கம். பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லி விநாடிதான், அதற்குள் இத்தனை நடக்கிறது. உங்களுக்கு வேண்டியது பாதையில் திருத்தம் அல்ல. பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நில்லுங்கள், எடை கால்விரல்களுக்குப் போகாமல் பாருங்கள்.

அப்படியானால் நீங்கள் சொன்ன பாதைக் கணக்கும் முழுசாக உண்மை இல்லையே?

நடுவில் பட்டால் உண்மை. நடுவில் படாதவர்கள் முதலில் பவுடர் வாங்கட்டும்.

தலையைத் தூக்குவதால்தானே ஸ்லைஸ்? எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எல்லோரும் சொல்வார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கிரிப்பைப் பாருங்கள்.

பந்து வலப்பக்கமே போகிறது. தற்காலிகமாக இடப்பக்கம் குறி வைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சின்ன வளைவு என்றால் விட்டுவிடலாமா?

விடுங்கள். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் வாழ்நாள் முழுக்க விரும்பி அடித்தது லேசாக வலப்பக்கம் வளையும் பந்துதான். தினமும் ஒரே அளவு வளைந்தால் அது ஃபேட். ஒரு நாள் பத்து கஜம், மறுநாள் நாற்பது கஜம் என்றால் ஸ்லைஸ்.

இன்று போட்டி. கொஞ்சம் மட்டும் இடப்பக்கம் பார்த்து நின்றால்...

ஐயா, வேண்டாம். டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு அதைவிடக் குட்டையான 5 வுட் கிளப்பை எடுங்கள்.

ரேஞ்சில் விளக்கை அணைக்கிறார்கள். மீதிக் கேள்விகளில் நாலு பேர் எந்த டிரைவர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு பேருக்கும் சேர்த்து: பவுடர் டப்பா.