மைக்கென் ஃபல்லாவின் ஸ்பிரிண்ட் பயணம்: கேள்வி பதில்

நார்வேயின் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு வீராங்கனை மைக்கென் காஸ்பெர்சென் ஃபல்லா பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்தப் போட்டியின் முடிவைப் பார்த்தாலும், அது கிளாசிக் முறையா (ஸ்கீ பள்ளத்தில் நேராக ஓடுவது), ஃப்ரீஸ்டைல் முறையா (ஸ்கீயை விரித்துப் பக்கவாட்டில் உதைப்பது) என்பதை முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் பதக்கங்களை மட்டும் எண்ணினால் தப்பான முடிவுக்கே வருவீர்கள்.

புதுமுகம்: சார், ஸ்பிரிண்ட் என்றால் 100 மீட்டர் ஓட்டம் மாதிரி ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுமா?

இல்லை. தங்கம் வெல்ல ஒரே நாளில் நான்கு முறை ஓட வேண்டும். தடம் 1 கிலோமீட்டரிலிருந்து 1.8 கிலோமீட்டர் வரை இருக்கும். ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் உண்டு. ஒரு சுற்று சுமார் மூன்று நிமிடம்.

முதலில் தகுதிச் சுற்று. 15 வினாடிக்கு ஒருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு தனியாக ஓடுவார்கள். வேகமான 30 பேர் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். கால் இறுதியில் ஆறு ஆறு பேராக ஐந்து பந்தயம். ஒவ்வொன்றிலும் முதல் இருவர் நேராக அரையிறுதிக்கு. மீதி இரண்டு இடம், தோற்றவர்களில் நல்ல நேரம் எடுத்த இருவருக்கு. பன்னிரண்டு பேரோடு இரண்டு அரையிறுதி, அதே கணக்கில் ஆறு பேரோடு இறுதி.

இதில் கவனிக்க வேண்டியது ஓய்வு நேரம். இரண்டாம் அரையிறுதியில் ஓடியவருக்கு, முதல் அரையிறுதியில் ஓடியவரைவிடச் சில நிமிடம் ஓய்வு குறைவு. காலில் ஏறிய லாக்டிக் அமிலம் இறங்குவதற்குள் இறுதிக்கு நிற்க வேண்டும். ஆனால் பின்னால் ஓடுபவருக்கு ஒரு லாபமும் உண்டு. முந்தைய பந்தயத்தின் நேரம் தெரிந்திருக்கும், அதனால் மூன்றாவதாக வந்தாலும் தப்பிக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்ற கணக்கு கையில் இருக்கும்.

வெண்பனி: அவருடைய சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1990-ல் பிறந்தவர், யெர்ட்ரும் சங்கத்து வீராங்கனை. 2022-ல் ஓய்வு. உலகக் கோப்பை என்ற பருவம் முழுக்க நடக்கும் தொடரின் ஸ்பிரிண்ட் பட்டத்தை 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று பருவம் வென்றார்.

பெரிய போட்டிகளின் தனிநபர் ஸ்பிரிண்ட் (ஒலிம்பிக் என்று சொல்லாதவை எல்லாம் உலக சாம்பியன்ஷிப்): 2013 வால் டி ஃபியெம்மே வெண்கலம், 2014 சோச்சி ஒலிம்பிக் தங்கம், 2015 ஃபாலுன் வெண்கலம், 2017 லாஹ்தி தங்கம், 2018 பியோங்சாங் ஒலிம்பிக் வெள்ளி, 2019 ஸீஃபெல்ட் தங்கம், 2021 ஓபர்ஸ்டோர்ஃப் வெள்ளி. இடையில் ஒன்றுகூட விடுபடவில்லை. ஒரு வளைவில் கால் தவறினால் வெளியே போக வேண்டிய ஆட்டத்தில் தொடர்ந்து ஏழு பெரிய போட்டிகளில் பதக்கம் வாங்கியிருக்கிறார். தங்கத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கணக்குப்புலி: அந்த ஏழையும் பார்த்தேன். தங்கம் மூன்றும் ஃப்ரீஸ்டைலில், மற்ற நான்கும் கிளாசிக்கில். தற்செயலா?

தற்செயல் இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஸ்பிரிண்டின் முறை ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் மாறி மாறி வரும். 2010 கிளாசிக், 2014 ஃப்ரீஸ்டைல், 2018 கிளாசிக். உலக சாம்பியன்ஷிப்பிலும் இரண்டு முறைக்கும் இடம் உண்டு. ஒரு வீராங்கனை உச்சத்தில் இருக்கும் ஆண்டு அவருக்குப் பிடித்த முறைக்கு அமைவதும் அமையாததும் அவர் கையில் இல்லை.

கிளாசிக்கில் இரண்டு ஸ்கீயும் தடத்தின் பள்ளத்தில் நேராக ஓடும். பாதத்துக்குக் கீழே உள்ள பகுதியில் பிடிப்பு மெழுகு பூசுவார்கள். அழுத்தி உதைக்கும்போது அது பனியைப் பிடிக்கும், அழுத்தம் விட்டதும் ஸ்கீயின் வளைவு மேலே எழும்பிப் பிடிப்பு விடும். மெழுகு குறைந்தால் ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும், கூடினால் சமதளத்தில் இழுக்கும். ஈரப் பனிக்கும் உறைந்த பனிக்கும் பசை போன்ற கிளிஸ்டர் வேண்டும். கடைசி நேர்ப்பாதையில் இரண்டு ஊன்றுகோலையும் ஒரே நேரத்தில் குத்தித் தள்ளுவார்கள். அங்கே வேலை தோளுக்கும் வயிற்றுக்கும் முதுகுக்கும்தான். 2013, 2015 இரண்டிலும் தங்கம் வாங்கிய நார்வேயின் மாரிட் பியோர்கனின் பலம் அதுதான்.

ஃப்ரீஸ்டைலில் பிடிப்பு மெழுகே கிடையாது, முழு ஸ்கீக்கும் சறுக்கு மெழுகு. ஸ்கீயை விரித்து, உள் விளிம்பால் பக்கவாட்டில் உதைத்து முன்னேற வேண்டும். கால் மாற்றும் வேகமும், ஒரே ஸ்கீயின் மேல் நிலைகுலையாமல் நிற்கும் திறனும் இங்கே தீர்மானிக்கும். களைத்த பிறகும் ஃபல்லாவின் கால் வேகம் குறையாது. எதிராளிகளின் அடி நீண்டு தளரும் கடைசி 100 மீட்டரில்தான் இவர் முன்னே போவார்.

ஊன்றுகோலும் வேறு. கிளாசிக்கில் உயரத்தின் 83 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி. ஃப்ரீஸ்டைலில் பெரும்பாலோர் 90 சதவீதத்தை ஒட்டி வைப்பார்கள்.

மாரிட் ரசிகை: 2014-ல் மாரிட் அரையிறுதியில் விழுந்தார். அதனால்தான் ஃபல்லாவுக்குத் தங்கம். இதை ஏன் சொல்லவில்லை?

விழுந்தார் என்பது உண்மை. "அதனால்தான்" என்பதை ஏற்க மாட்டேன். அன்று சோச்சி ஒலிம்பிக்கின் பந்தயத் திடலான லாரா மையத்தில் பனி இளகிக் கிடந்தது. களைத்த காலோடு ஆறு பேர் நெருக்கியடித்து இறக்கத்தில் திரும்பும்போது, ஸ்கீயின் விளிம்பு கூழ்ப்பனியில் சிக்கினால் முடிந்தது. முந்தைய பருவங்களில் ஸ்பிரிண்ட் பட்டம் வென்றிருந்த அமெரிக்காவின் கிக்கன் ராண்டல் கால் இறுதியிலேயே வெளியேறினார். ஆண்கள் இறுதியில் மூன்று பேர் ஒரே இடத்தில் விழுந்தார்கள். முன்னால் இருந்து விபத்திலிருந்து தப்பிய ஓலா வீகன் ஹாட்டெஸ்டா தங்கம் வாங்கினார், பின்தங்கிப் போயிருந்த ஸ்வீடனின் எமில் யோன்சன் வெண்கலம் வாங்கினார். விழாமல் வருவதும் ஸ்பிரிண்டில் ஒரு திறமை.

ஓட்டக்காரன்: நான் மாரிட் ரசிகை பக்கம். கூட்டத்தில் மற்றவர் இடித்து விழுந்தால் அது திறமைக் குறைவா?

இல்லை, தம்பி. ஆனால் எங்கே நிற்கிறோம் என்பது நம் தேர்வு. வளைவுக்கு முன் முதல் இடத்திலோ இரண்டாவது இடத்திலோ இருந்தால் உங்கள் முன்னால் விழ ஆள் குறைவு. அதற்கு ஏற்றத்தின் மேல்பாதியிலேயே பலத்தைச் செலவழிக்க வேண்டும். பின்னால் ஒளிந்து காற்றைத் தவிர்ப்பவர் பலத்தைச் சேமிக்கிறார், பதிலுக்கு ஆபத்தை வாங்கிக்கொள்கிறார்.

மாரிட் ரசிகை: சரி. 2019-ல் மாரிட் ஓய்வு பெற்றுவிட்டார். போட்டி குறைந்த பிறகு வந்த தங்கம்தானே?

போட்டி குறையவில்லை! ஸீஃபெல்டில் வெள்ளி வாங்கியவர் ஸ்வீடனின் ஸ்டினா நில்சன். முந்தைய ஆண்டு பியோங்சாங்கில் ஃபல்லாவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர் அவர், ஸீஃபெல்ட் நடந்த 2018-19 பருவத்தின் உலகக் கோப்பை ஸ்பிரிண்ட் பட்டமும் அவருக்கே. அவரை வென்று வாங்கிய தங்கம் இது. பியோங்சாங் கிளாசிக், ஸீஃபெல்ட் ஃப்ரீஸ்டைல். முதலில் சொன்னதைத்தான் மறுபடியும் சொல்கிறேன்.

மாரிட் விழாமல் இருந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. 2014-ன் தங்கத்தை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கினால், 2017-ல் லாஹ்தியில் அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிக்கின்ஸையும் ராண்டலையும் பின்தள்ளி வாங்கியதை என்ன சொல்வீர்கள்?

பனித்துளி: 2015-ல் ஏன் வெண்கலம் மட்டும்?

கிளாசிக். மேலே கணக்குப்புலிக்குச் சொன்ன பதில்தான்.

ராகா: 2018-ல் தங்கம் ஏன் தவறியது?

கிளாசிக். மேலே பாருங்கள்.

துருவம்: ஸ்டினா நில்சன் பிறகு பயத்லானுக்குப் போனாரே, அங்கே துப்பாக்கி சுடுவதில் ஏன் தடுமாறினார்?

பனிச்சறுக்கோடு துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த அந்த விளையாட்டு என் துறை இல்லை. பயத்லான் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கணக்குப்புலி: குழு ஸ்பிரிண்டில் மட்டும் கணக்கு தலைகீழாக இருக்கிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். தனிநபர் ஸ்பிரிண்ட் எந்த முறையோ, குழு ஸ்பிரிண்ட் பெரும்பாலும் அதற்கு மாற்று முறையில் நடக்கும். அதனால் லாஹ்தியில் ஹெய்டி வெங்குடன் வாங்கிய குழுத் தங்கம் கிளாசிக்கில். பியோங்சாங்கில் மாரிட்டுடன் வாங்கிய வெண்கலம் ஃப்ரீஸ்டைலில்.

குழு ஸ்பிரிண்டில் இருவர் மாறி மாறி மூன்று மூன்று சுற்று ஓடுவார்கள். தனிநபர் ஸ்பிரிண்டில் ஒரு சுற்றுக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வு இங்கே இல்லை. கூட்டாளி ஒரு சுற்று முடிக்கும் நேரம்தான் உங்கள் ஓய்வு. ஆகவே தனி ஸ்பிரிண்ட் வேகத்தோடு நீண்ட தூர உடலும் வேண்டும். பியோங்சாங்கின் கடைசிச் சுற்றில் டிக்கின்ஸ், நில்சன், ஃபல்லா மூவரும் ஒன்றாகப் போனார்கள். கடைசி ஏற்றத்தின் வேகத்தில் ஃபல்லா பின்தங்க, தங்கம் அமெரிக்காவுக்குப் போனது. டிக்கின்ஸ் நீண்ட தூரத்திலும் முதல் வரிசைக்காரர். ஃபல்லா முழுக்க ஸ்பிரிண்ட்காரர். வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது.

வெண்பனி: அப்படியானால் மாரிட்தான் பெரியவர் என்று ஒத்துக்கொள்ளலாமா?

மொத்தப் பதக்கத்தில் மாரிட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதை நான் மறுக்கவே இல்லை. கேள்வி ஃபல்லாவின் ஸ்பிரிண்ட் பற்றியது. இந்த வாதத்துக்கு இதற்குமேல் பதில் எழுத மாட்டேன்.

புதுமுகம்: பழைய இறுதிப் போட்டிகளின் பதிவைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

லாஹ்தி 2017-ல் தொடங்குங்கள். தலையைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். கடைசி ஏற்றத்தில் யாருடைய உதை பின்பக்கமாகச் சரிகிறதோ அவர் தளர்ந்துவிட்டார். பிறகு நேர்ப்பாதையில் நுழையும் இடம். அங்கே தனித்தனிப் பாதை பிரிந்திருக்கும். ஒன்றைப் பிடித்த பிறகு அடுத்தவர் பாதைக்குள் புகுந்து தடுத்தால் தண்டனை. எனவே யார் முதலில் எந்தப் பாதையைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். கோட்டில் முடிவு நெஞ்சை வைத்து இல்லை, முன் காலணியின் நுனியை வைத்து. அதனால்தான் கடைசி நொடியில் ஒரு காலை நீட்டிப் பாய்வார்கள். சீக்கிரம் நீட்டினால் வேகம் செத்துவிடும், தாமதித்தால் பயனில்லை.

பார்க்கும் முன் அது எந்த முறை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லாஹ்தி ஃப்ரீஸ்டைல். அடுத்து ஓபர்ஸ்டோர்ஃப் 2021 பாருங்கள், அது கிளாசிக். யொன்னா சுண்ட்லிங் தங்கம், ஃபல்லா வெள்ளி, ஸ்லோவேனியாவின் அனமாரியா லாம்பிச் வெண்கலம்.