பிறவியிலேயே செதில் தோல்: கல்லூரிக்குப் போக மறுக்கும் தம்பியை எப்படித் தேற்றுவது?

தயவுசெய்து தேற்றாதீர்கள். எனக்கும் அதேதான், லாமெல்லர் இக்தியோசிஸ். பிறந்தபோது உடம்பு முழுக்கக் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல ஒரு படலம் இருந்ததாம். அது உரிந்த பிறகு வந்ததுதான் இந்தச் செதில். ‘தன்னம்பிக்கையோடு இரும்மா’ என்று எனக்குச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. சொல்லிவிட்டு, நான் எழுந்த நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். இது தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தத் துண்டு மட்டும் ஓயாது.

தம்பி கூச்சத்தால்தான் போகவில்லை என்று நினைக்கிறீர்கள் போல. இருக்கலாம். ஆனால் அவனுடைய காலைப் பொழுதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரில் ஊறி, செதிலைத் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் உச்சி முதல் பாதம் வரை களிம்பு பூசி, மெத்தையை உதறி, தரையைப் பெருக்கி முடிப்பதற்குள் எனக்குப் பாதித் தெம்பு போய்விடும். அப்புறம் வெயில். வியர்வை வெளியே வர வழியில்லாததால் உடம்பு கொதிக்கும். கத்திரியில் வேலூர் டவுன் பஸ் ஏறினால் ஈரத்துண்டு இல்லாமல் நான் இறங்கமாட்டேன், இறக்கித்தான் விடவேண்டும்.

ஒருமுறை தோல் சிகிச்சைக்குப் போன இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கார்டிஃப் நகர மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்ட வாழ்க்கைத் தரக் கேள்விகள், மொத்தம் 10. மதிப்பெண் 30 வரை போகும். கூடக்கூட நிலைமை மோசம் என்று அர்த்தம். ‘கடந்த ஒரு வாரத்தில் உங்கள் தோலால் விளையாடச் சிரமம் இருந்ததா?’ நான் விளையாடியதே இல்லையே! ‘பொருந்தாது’ என்று குறித்தேன், அதற்குப் பூஜ்யம். வாழ்க்கையில் எதையெல்லாம் விட்டுவிட்டேனோ அதெல்லாம் பூஜ்யமாகி, நான் சௌக்கியமாக இருப்பதாகக் கணக்கு வந்தது. உங்கள் தம்பி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றால் அதையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மனநல மருத்துவரிடம் போகச் சொல்லாமல் இதென்ன பேச்சு என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நானும் போனவள்தான், நல்லது. ஆனால் முதுகுக்கு அவன் கை எட்டாது. அதை நீங்கள் பூசிவிடுங்கள். முதல் வகுப்புக்குத் தாமதமாக வரவும், மின்விசிறிக்கு அடியில் உட்காரவும் துறைத் தலைவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அம்மாவையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். பாம்பை அடித்த பாவம், கிரகணத்தில் வெளியே வந்த தோஷம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னபோது அம்மா அழவில்லை. இருவரிடமும் அதே மரபணுக் கோளாறு இருந்ததால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று டாக்டர் விளக்கிய அன்றுதான் அழுதார். (சொந்தத்தில் கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை.)

2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, இக்தியோசிஸ் இல்லை. அதைக்கூட விடுங்கள். என் காப்பீட்டு நிறுவனம் களிம்பு பில்லை எல்லாம் ‘அழகு சாதனம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறது. கிலோ கணக்கில் வாஸலின் பூசி நான் எந்த அழகிப் போட்டிக்குப் போகிறேனாம்? புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.