பெட்டியில் விழும் கடிதங்கள்

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவர் மனநலத்துக்கென்று ஒரு திட்டம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். நடத்துகிற துறையே ஆண்டு முடிவில் அறிக்கை எழுதிவிடும். பலன் உண்டா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்தை வேறு எதற்காக அழைக்க வேண்டும்?
– அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர்

பதில்: எத்தனை பள்ளிகளில் பயிற்சி நடந்தது, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற கணக்கெல்லாம் துறையின் அறிக்கையில் இருக்கும். கடைசி வரிசையில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளை இப்போது தேறியிருக்கிறதா என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த ‘சேஹர்’ ஆய்வு இதற்கு நல்ல சான்று. மாநில அரசின் ஒத்துழைப்போடு, கோவாவின் ‘சங்காத்’ தொண்டு நிறுவனத்தையும் லண்டன், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த ஆய்வாளர்கள், 74 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மூன்றிலும் உண்டு. முதல் பிரிவில் அதோடு பள்ளிக்கு ஓர் ஆலோசகரும் அமர்த்தப்பட்டார். அவர் மனநலப் படிப்புப் படித்தவர் அல்லர், இந்தப் பணிக்கென்று பயிற்சி பெற்றவர். இரண்டாம் பிரிவில் அதே பணிகளை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே செய்தார். மூன்றாம் பிரிவில் கூடுதலாக எதுவுமில்லை.

பணிகள் எளியவை: காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச்சு, சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், தனியே வருகிற பிள்ளைக்கு ஆலோசனை. இவற்றோடு, பிள்ளைகள் தங்கள் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டியும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அளந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு, சீண்டல், வன்முறை எல்லாம் குறைந்திருந்தன. பள்ளிச் சூழல் மிகவும் மேம்பட்டிருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ வழக்கமான திட்டத்தைவிடச் சொல்லத்தக்க வேறுபாடே தெரியவில்லை. 2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான முடிவு இது. பதினேழாம் மாதத்தில் மீண்டும் அளந்தபோதும் ஆலோசகரின் பலன் நிலைத்திருந்தது.

இதைப் படிக்கையில் ஆசிரியையான உங்களுக்கு வருத்தம் வரலாம். குறை ஆசிரியர்கள் மேல் என்று நான் நினைக்கவில்லை. பாடத்துக்கும் தேர்வுக்கும் பதிவேடுகளுக்கும் நடுவே இதையும் அவர்கள் தலையில் கட்டினால் எப்படி நடக்கும்? தன்னைக் கண்டிக்கிறவரிடம், மதிப்பெண் போடுகிறவரிடம், பிள்ளை மனத்தைத் திறந்து காட்டுவதும் எளிதன்று.

துறையின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் ஆய்வாளர்கள் அந்தப் பள்ளிகளின் வாசலைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. அவர்கள் இல்லாவிட்டால், ஒப்பிடுவதற்கென்று சில பள்ளிகளை அப்படியே விட்டுவைக்கத் துறைக்கு மனம் வந்திருக்காது. ‘ஆசிரியர்களே போதும், சம்பளம் மிச்சம்’ என்று முடிவாகி, பலனில்லாத ஒரு திட்டம் மாநிலம் முழுவதும் பரவியிருக்கக்கூடும்.

ஆகவே உங்கள் பள்ளியில் திட்டம் தொடங்குமுன், பிள்ளைகளின் இப்போதைய நிலையை யார் அளக்கிறார்கள் என்று கேளுங்கள். அதைத் தவறவிட்டால் பிறகு ஒப்பிட எதுவும் இராது. அப்படி அளப்பதற்குப் பிள்ளைகளிடம் தரும் கேள்வித்தாளில் ‘செத்துவிடலாம் போலிருக்கிறது’ என்று ஒரு பிள்ளை குறித்தால், அன்றைக்கே அதைப் பார்ப்பவர் யார், எந்த மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.