சார்ஜென்ட் என்ன செய்கிறார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உக்ரைன் போரில் ரஷ்யப் படை தடுமாறியபோது, அங்கே நல்ல சார்ஜென்ட்கள் இல்லை என்று பலர் எழுதினார்கள். திட்டமிடுவது அதிகாரிகள், சுடுவது சிப்பாய்கள். நடுவில் இருக்கும் ஹவில்தாரும் சார்ஜென்ட்டும் உத்தரவைக் கடத்துவதைத் தவிர என்ன செய்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உத்தரவைக் கடத்துவது அவர்கள் வேலையில் சின்னப் பகுதிதான். பிரிட்டிஷ் காலாட்படையில் முப்பது பேர் அளவுள்ள ஒரு பிளாட்டூனுக்கு அதிகாரியாக வரும் லெப்டினன்ட் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் புதியவர். சில காலத்தில் வேறு பொறுப்புக்குப் போய்விடுவார். அவருடைய சார்ஜென்ட் பல ஆண்டு அனுபவஸ்தர். யார் பயந்திருக்கிறான், யாரை இன்றிரவு காவலுக்கு நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லெப்டினன்ட் விழுந்தால் பிளாட்டூனை நடத்தப்போவதும் அவர்தான்.

சோவியத் படை வேறு வழியில் போனது. 1967 சட்டப்படி தரைப்படையில் கட்டாயச் சேவை 2 ஆண்டு. சார்ஜென்ட்களில் பெரும்பாலோர் அப்படி வந்த பையன்களே. சில மாதப் பயிற்சி கொடுத்துப் பட்டை தைத்துவிடுவார்கள். தன் வயதுக்காரன் அதட்டினால் யார் கேட்பார்கள்? ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் எடுத்ததால் படைவீட்டில் எப்போதும் நான்கு அடுக்கு. மேலடுக்கு கீழடுக்கை அடித்து வதைக்கும் ‘தெதோவ்ஷ்சினா’ அங்கே வேர்விட்டது. தடுக்க வேண்டிய சார்ஜென்ட்டுக்கு அந்தப் பலம் இல்லை. அவர் செய்ய வேண்டியதையெல்லாம் இளம் அதிகாரியே சுமந்தார். பெரும்போர் வந்தால் லட்சக்கணக்கானோரை உடனே திரட்ட வேண்டும் என்ற கணக்கில் அமைந்த முறை இது. ஆனால் அடி வாங்கியது பதினெட்டு வயதுப் பையன்கள். அதை எனக்கு வெறும் கணக்காகப் பார்க்க முடியவில்லை.

கட்டாயச் சேவைதான் கோளாறு என்றும் சொல்லிவிட முடியாது. இஸ்ரேலிலும் பிளாட்டூனுக்குள் சிறு குழுவை நடத்தும் செக்‌ஷன் தலைவர்கள் இளைஞர்களே. ஆனால் அங்கே அதிகாரிகளைப் பொதுவாகச் சிப்பாயாகத் தொடங்கியவர்களிலிருந்தே பொறுக்குகிறார்கள், அதனால் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இடைவெளி குறைவு.

ஹவில்தாரைக் கேட்டிருந்தீர்கள். பிரிட்டிஷ் அதிகாரிக்கும் இந்தியச் சிப்பாய்க்கும் நடுவே, ஹவில்தாருக்கு மேல்படியில், அன்று சுபேதார்களை வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த அடுக்கு தொடர்கிறது. பிளாட்டூனைப் பெரும்பாலும் நடத்துவது சுபேதாரோ, அவருக்கு ஒரு படி கீழே இருக்கும் நாயப் சுபேதாரோதான். அதனால் ஹவில்தாரை மேற்கத்திய சார்ஜென்ட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தால் தப்பாகிவிடும். அந்த வேலையில் பாதி இங்கே சுபேதார் கையில்.

சரி, ரஷ்யாவுக்கு வருவோம். 2008-ல் கட்டாயச் சேவை ஓராண்டாகக் குறைந்தது. அப்புறம் ஒப்பந்தத்தில் சேர்ந்த சார்ஜென்ட்களும் கூடினார்கள். ஆனால் களத்தில் முடிவெடுக்கும் உரிமை பெரும்பாலும் அதிகாரியிடமே தங்கிவிட்டது. நீங்கள் படித்த விமர்சனம் இதைப் பற்றியதுதான்.