ஆகஸ்டில் பிள்ளைகளோடு ஸ்பூக்கி கல்ச் வேண்டாம்

ஆகஸ்டில் 7, 10 வயதுப் பிள்ளைகளோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸ்பூக்கி கல்ச் என்ற ஒடுங்கிய பாறை இடுக்குக்குப் போகலாமா, உள்ளே மணலிலேயே கூடாரம் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும்; பல மைல் தள்ளிப் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வந்துவிடும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் அப்படித்தான் இறந்தார்கள். இந்த மாதிரி இடுக்குகளில் அண்ணாந்து பார்த்தால், ஆள் உயரத்துக்கு மேலே மரக்கட்டை குறுக்கே செருகிக் கிடக்கும், காய்ந்த சேறும் புல்லும் ஒட்டியபடி. வெள்ளம் வந்துபோன மட்டம் அது. அதைப் பார்த்த பிறகு அந்த மணலில் பிள்ளைகளைப் படுக்கவைக்க மனம் வராது.

அக்டோபருக்குத் தள்ளிவையுங்கள். முதல் தடவை என்றால் யூட்டாவிலேயே இருக்கும் லிட்டில் வைல்ட் ஹார்ஸ் என்ற இன்னொரு பாறை இடுக்கு போதும். கயிறு தேவையில்லை, இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டு பிள்ளைகள் ஆசையாக நடப்பார்கள். பக்கத்திலேயே காப்ளின் வேலி (Goblin Valley) பூங்காவில் கூடாரம் போட இடம் உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். ஸ்பூக்கியில் சில இடம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் அகலம். பெரியவர்களே பக்கவாட்டில் ஊர்ந்துதான் போகணும். அப்புறம், ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர். அக்டோபரானாலும் அன்று காலை வானிலை அறிக்கை பார்க்காமல் உள்ளே இறங்காதீர்கள்.