ஓரம் உடைந்த கோப்பை

அன்புள்ள ஐயா,

எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருடம். பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஒரு வார இறுதிக்கு வெளியே போய்த் தங்கியது போன மாதம்தான், முதல் தடவையாக. ஏரியைப் பார்த்த அறை. அந்த இரண்டு நாளுக்காக ஆறு மாதம் காத்திருந்தேன். முதல் ராத்திரி முழுக்க அவர் புரண்டுகொண்டே இருந்தார். விடிந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நம்ம தலகாணி இருந்தா தூங்கியிருப்பேன்." சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தபோது கையிலிருந்த காபிக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் கப்பு மாதிரி கைக்கு அடங்கலையே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் எடுத்தது அந்தக் கப்பைத்தான். கல்யாணமான வருடம் ஜோடியாக வாங்கியது. ஒன்று என் கை தவறி உடைந்துபோனது. மிச்சமிருப்பதும் விளிம்பில், வாய் வைக்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கம், சில்லுப் பெயர்ந்திருக்கிறது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே, நாங்கள் அப்படி ஆகிவிட்டோமா? ஒரு பழைய சாமானுக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இல்லையா? அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தோழி,

உங்கள் கோபம் நியாயமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் எண்ணி எண்ணிக் காத்திருந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் கப்பைப் பார்த்துப் பேசியது உங்கள் கணவரின் தப்பு. அதை அவரிடமே சொல்லுங்கள். வழியெல்லாம் பேசாமல் வந்தால் அவருக்கு எங்கே புரியப்போகிறது?

ஆனால் தலையணை விஷயத்தில் அவரை விட்டுவிடுங்கள். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் பிடிக்காதது உடம்பின் சுபாவம். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யுகா சசாகி என்ற ஆய்வாளர்களின் குழு இதைச் சோதித்து வெளியிட்டது. பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து உறங்குவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளத் தயாராக, காவலுக்கு உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. இரண்டே ராத்திரிப் பயணத்தில் ஒரு ராத்திரி இப்படிக் காவலிலேயே போய்விடும். அடுத்த தடவை போகும்போது முதல் நாளை ஒன்றும் எதிர்பார்க்காமல் விட்டுவிடுங்கள். அவருடைய தலையணையையும் எடுத்துப் போங்கள். பெட்டியில் இடம் அடைத்தாலும் பரவாயில்லை.

பழமொழிக்கு வருகிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பழகப் பழக எதுவும் கண்ணில் படாமல் போகும். அதனால்தான் இந்த மாதிரிப் பயணமே தேவைப்படுகிறது. ஆனால் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதால் மட்டும் பழகிய முகம் மறுபடி கண்ணில் பட்டுவிடாது. ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளர் தன் குழுவோடு 2000இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். தம்பதிகளின் ஒரு பக்கக் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணையைக் கையால் தொடாமல் இருவருக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, விரிப்பின் மேல் தவழ்ந்து குறுக்கே வைத்த தடுப்பையும் ஏறிக் கடக்கச் சொன்னார்கள். ஏழே நிமிடம். இன்னொரு கூட்டத்துக்குப் பந்தை மெதுவாக உருட்டும் சாதாரண வேலை. முடிந்ததும் கேட்டபோது, தவழ்ந்த ஜோடிகளுக்குத்தான் தங்கள் உறவின்மேல் திருப்தி கூடியிருந்தது. நீங்கள் இரண்டு பேருக்கும் படகு துடுப்புப் போடத் தெரியாது என்றால் அடுத்த முறை அந்த ஏரியில் படகை எடுங்கள். இருவருக்கும் தெரியாத ஒன்றில் சேர்ந்து திண்டாடும்போது 11 வருடமாகப் பார்த்த முகம் கொஞ்சம் புதிதாகத் தெரியும். மெழுகுவர்த்தி, பூ, நல்ல அறை, இதெல்லாம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை.

இனி அந்தக் கப்பு. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் ஒரு மரக்கரண்டி இருக்கிறது. என் மனைவிக்கு இடதுகைப் பழக்கம். ஒரு தடவை தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் போயிருந்தாள். சமையல் என் பொறுப்பு. அந்தக் கரண்டியை எடுத்துக் கிண்டினால் பாத்திரத்தின் அடியில் உட்காரவே இல்லை, வழுக்கி வழுக்கிப் போனது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து, மழுங்கி, சாய்ந்திருந்தது. என் கை தேய்க்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். பிடியில் அவள் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் கறுத்து வழவழப்பாக இருந்தது. எத்தனை ஆயிரம் முறை கிண்டினால் மரம் அப்படித் தேயும்? அடுப்பு எரிந்துகொண்டிருக்க, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்திலேயே இருந்த இத்தனை வருடத்தில் அது என் கண்ணில் பட்டதில்லை. அவள் திரும்பி வந்ததும் அதைக் காட்டினேன். "இதைக் கூடவா பாத்தீங்க?" என்றாள். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு மரக்கரண்டிகள். புதியது என் பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது.

நம் பேச்சில் 'பழசு' என்றும் சொல்கிறோம், 'பழகினது' என்றும் சொல்கிறோம். இரும்பு வாணலியைப் பழக்குவது என்கிறோமே, அங்கே நடப்பது இதுதான்: மெல்லிசாகத் தடவிய எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய ஒரு கெட்டியான படலமாகிவிடுகிறது. பூச்சுமேல் பூச்சாக, நாளாக நாளாகச் சேர்வது அது. கடையில் பளபளக்கும் புது வாணலிக்கு அது கிடையாது. உங்கள் கணவர் கப்பைப் 'பழசு' என்று வைத்துக்கொண்டிருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் கைக்கு அது பழகினது.

சிகாகோ பகுதியில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, யூஜின் ராக்பெர்க் ஹால்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம் போய், உங்கள் வீட்டில் உங்களுக்கு விசேஷமான பொருள் எது, ஏன் என்று கேட்டார்கள். விலையையும் அழகையும் விட அதிகம் பேசப்பட்டது அந்தப் பொருளோடு ஒட்டிய நினைவுகளும் மனிதர்களும்தான். உங்கள் கடிதத்தையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அறை எப்படி இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கப்பு எப்போது வாங்கியது, அதன் ஜோடி எப்படி உடைந்தது, சில்லு எந்தப் பக்கம் பெயர்ந்தது என்று அத்தனையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொருள் உங்களுக்கும் வேண்டாததல்ல. அதோடு, "கைக்கு அடங்கலையே" என்பதற்கு முன்னால் அவர் சொன்ன 'நம்ம வீட்டு' என்பதை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து அவர் நினைத்துக்கொண்டது உங்களோடு சேர்ந்து வாங்கிய ஒன்றை.

தூக்கிப் போடாதீர்கள். ஆனால் ஒன்று பார்க்க வேண்டும். சில்லுப் பெயர்ந்த இடத்திலிருந்து சில சமயம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கீழே இறங்கியிருக்கும். காலிக் கப்பை உள்ளங்கையில் வைத்து விரல் நகத்தால் விளிம்பைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக இருக்கிறது. சொரசொரப்பை மட்டும் நைசான உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துவிடலாம். சத்தம் மந்தமாக விழுந்தால் விரிசல் ஓடியிருக்கிறது, சூடாக எதுவும் ஊற்ற வேண்டாம். பேனா போட்டு வைத்துக்கொள்ளலாம். அவரையே தட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்.